பிலிப்பினோ நண்பர்கள் ட்ரும்போ, சிப்பா என்று பேச ஆரம்பித்தால் ஏன் நிறுத்துவதே இல்லை?

கேள்வி இது: "துபாயில் என் அறையில் இரண்டு பிலிப்பினோ நண்பர்கள் இருக்கிறார்கள். லீவு நாள் வந்தால் சின்ன வயது விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ட்ரும்போ, சிப்பா, டெக்ஸ், சுங்க்கா என்று என்னென்னவோ பெயர்கள். போன வாரம் பேசிப் பேசி ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதெல்லாம் என்ன? பழைய பொம்மைகள் மேல் ஏன் இவ்வளவு ஏக்கம்?"

பிலிப்பைன்ஸில் லகூனா மாகாணத்து லோஸ் பான்யோஸில் ஒன்பது வருடம் குடும்பத்தோடு இருந்தேன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் அது. எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அங்கே தலைமை இயக்குநராக இருந்தார். அதனால் நம்மூர் விவசாயப் படிப்புக்காரர்களுக்கு ஊர்ப் பெயராவது பழக்கம். என் மகன் நடக்கப் பழகியது அந்தத் தெருவில்தான். அவனோடு சேர்ந்து நானும் இந்தச் சாமான்களை எல்லாம் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர்கள் பேசுவதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். எங்கே வாங்கினோம், என்ன விலை என்று அதிகம் சொல்ல மாட்டார்கள். எப்படிச் செய்தோம் என்றுதான் சொல்வார்கள். எந்த மரம், யார் வீட்டுக் கத்தி, ஆணியை எங்கே தேய்த்தோம், எத்தனை தடவை உடைந்தது. அவர்களுடைய ஏக்கம் பெரும்பாலும் கை வேலையின் ஏக்கம். நான் புரிந்துகொண்டது இதுதான்.

ட்ரும்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம்ம பம்பரம்தான். பெயர் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. கொய்யாக் கிளைதான் அதற்கு முதல் தேர்வு. கொய்யாக் கட்டை கெட்டி, சீக்கிரம் பிளக்காது. ஒரு கைப்பிடி நீளத்துக்கு வெட்டி, பட்டை உரித்து, கீழ்ப்பக்கம் கூம்பாகச் செதுக்கி, தலை நறுக்கிய ஆணியை நட்ட நடுவில் அடித்து இறக்குவார்கள். ஆணி ஒரு நூல் தள்ளிப் போனாலும் பம்பரம் குதிக்கும், நின்று சுற்றாது. அப்புறம் ஆணியின் முனையைச் சிமென்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து மழுக்க வேண்டும். ஒரு பையன் பம்பரத்தை உள்ளங்கையில் வாங்கிச் சுற்ற விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆணி குறுகுறுப்பதை வைத்தே "இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்" என்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டமும் நமக்குத் தெரிந்ததுதான்: வட்டம் போட்டு, உள்ளே கிடக்கும் பம்பரத்தின் மேல் குறி பார்த்து விடுவது. நம்ம பையன்கள் ஆக்கர் என்று சொல்கிற அந்த ஆணித் தழும்பு அங்கேயும் ஒரு பம்பரத்தின் வயதைச் சொல்லிவிடும்.

சிப்பா என்றால் தகாலோக் மொழியில் உதை. மலாய்க்காரர்கள் உதைப்பதைச் 'செபாக்' என்கிறார்களே, அதே சொல் குடும்பம்தான். தட்டையான ஒரு வாஷரின் துளையில் நூலையோ மெல்லிசாகக் கிழித்த பிளாஸ்டிக் இழைகளையோ கோத்துக் குஞ்சம் மாதிரி கட்டினால் சாமான் தயார். பாதத்தின் உள்பக்கத்தால் மேலே தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கீழே விழக் கூடாது. எண்ணிக்கைதான் ஆட்டம். கோழி இறகு மாதிரி மேலே போய் விரிந்து இறங்கும் அந்தக் குஞ்சத்தைப் பார்த்தால் லேசாகத்தான் தெரியும். செய்து பாருங்கள், பத்து தடவை தட்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இதைத்தான் தங்கள் தேசிய விளையாட்டு என்று அவர்கள் பல காலம் சொல்லி வந்தார்கள். 2009 டிசம்பரில் குடியரசுச் சட்டம் 9850 கம்புச் சண்டையான ஆர்னிஸைத் தேசிய விளையாட்டாகவும் தற்காப்புக் கலையாகவும் அறிவித்தது. உங்கள் நண்பர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் இன்னொரு மணி நேரம் போகும், தயாராக இருந்துகொள்ளுங்கள்.

டெக்ஸ் கொஞ்சம் வேறு மாதிரி. தீப்பெட்டிப் படம் அளவுக்குச் சின்ன அட்டைகள், அவற்றில் சினிமாக் கதையோ சித்திரக்கதையோ காட்சி காட்சியாக, வசனத்தோடு, எண் போட்டு அச்சாகியிருக்கும். பெட்டிக் கடைகளில் கிடைக்கும். 'சரி-சரி' கடை என்று அங்கே பெயர். நம்ம 'சரி' இல்லை இது, பலசரக்கு என்கிற பொருள். அட்டைகளை அடுக்கி வைத்துக் கதை படிக்கலாம். ஆனால் அதற்காகவா வாங்குவார்கள்? ஆளுக்கொன்றும் நடுவே சமன் செய்யப் பொதுவாக ஒன்றுமாக மூன்று அட்டையைச் சேர்த்துக் கட்டை விரலால் மேலே சுண்டி விடுவார்கள். கீழே விழும்போது எவனுடைய அட்டை மட்டும் மற்ற இரண்டிலிருந்து மாறிக் கிடக்கிறதோ அவனுக்கு வெற்றி. பந்தயமும் அட்டைதான். பிஸ்கட் டப்பா நிறைய அட்டை வைத்திருந்தவன்தான் அன்றைக்குத் தெருவில் பணக்காரன்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்தது, மீன் டப்பா லாரி. மத்தி மீன் அடைத்த தகர டப்பா அங்கே ஏழை வீட்டிலும் தினசரி இருக்கும். காலி டப்பாவைக் கழுவி, ஓரத்தைக் கல்லால் தட்டி மழுக்கி (இதைச் செய்யாமல் விரலைக் கிழித்துக்கொண்ட தழும்பை நிறையப் பேர் காட்டுவார்கள்), பக்கவாட்டில் நான்கு துளை போட வேண்டும். கறி சுட்ட மூங்கில் குச்சிதான் அச்சு. சக்கரத்துக்குத் தேய்ந்து போன ரப்பர் செருப்பு. எங்கள் எதிர் வீட்டுத் தாத்தா, லோலோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், பேரனுக்கு இதைச் செய்து கொடுத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். செருப்பின் குதிகால் பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது. அதனால் முன்பாதத்துப் பகுதியில்தான் வட்டம் வரைந்தார். நாலு வட்டம் வெட்ட ஒரு செருப்பு போதவில்லை. மூன்று சக்கரம் நீலம், ஒன்று சிவப்பு. பேரன் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. சிவப்புச் சக்கரம் முன்னால்தான் வர வேண்டும் என்று மட்டும் அடம் பிடித்தான். கயிறு கட்டி இழுத்தபோது தகரம் கலகலவென்று தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

செருப்பைச் சொன்னேன் இல்லையா, அங்கே ரப்பர் செருப்பே ஒரு விளையாட்டுச் சாமான். தும்பாங் ப்ரேசோ என்ற ஆட்டத்தில் நடுவில் ஒரு காலி டப்பா, அதைக் காவல் காக்க ஒருவன். மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் நின்று செருப்பை வீசி டப்பாவைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த டப்பாவை அவன் நிமிர்த்தி வைப்பதற்குள் ஓடிப் போய்ச் செருப்பை மீட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். அறுந்த செருப்போடு வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இல்லாத பிலிப்பினோவை நான் பார்த்ததில்லை.

பெண் குழந்தைகளுக்கென்று (பையன்களும் ஒளிந்து விளையாடியதுதான்) இருந்ததில் முக்கியமானது சமையல் விளையாட்டு. 'லுத்து-லுத்துவான்' என்பார்கள், நம்ம சொப்புச் சாமான் விளையாட்டு. ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் குட்டி மண் சட்டியில் இலையைக் கிள்ளிப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். அதோடு சேர்ந்த இன்னொன்றுதான் என் மகனுக்கு இன்றும் மறக்காதது: செம்பருத்தி நுரை. அங்கே செம்பருத்திக்குக் குமமேலா என்று பெயர். பூவையும் இலையையும் கல்லில் வைத்து நசுக்கி, கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத் தூள் போட்டுக் கலக்குவார்கள். பப்பாளி இலையின் காம்பு உள்ளே குழல் மாதிரி இருக்கும். அதை வெட்டி ஒரு முனையைக் கலவையில் தோய்த்து மறு முனையில் ஊதினால் குமிழி வரும். வெறும் சோப்புத் தண்ணீர்க் குமிழி மாதிரி பட்டென்று உடையாது. நம் வீட்டில் செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்க்கும்போது கையில் வழவழவென்று ஒட்டுமே, அந்தப் பசைதான் குமிழியின் தோலில் இருக்கும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. கடைக் குமிழி மருந்தில் கிடைக்காத ஒரு பச்சை வாசனையும் வரும். எங்கள் தெருவில் வேலி ஓரத்துச் செம்பருத்தியில் குழந்தைகளின் கை எட்டும் உயரம் வரைக்கும் பூவே இருக்காது.

காற்றாடிக்குப் பருவம் உண்டு. வடகிழக்குக் காற்றை அமிஹான் என்பார்கள். அது அடிக்கும் மாதங்களிலும் அதற்கு அடுத்து வரும் கோடையிலும் வானம் நிறையும். பொதுவான பெயர் சரங்கோலா. நோட்டுத் தாளை மடித்து நூல் கட்டினால் அது போக்கா-போக்கா, சின்னப் பிள்ளைகளுடையது. மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டி, 'ஜப்பான் தாள்' என்று அவர்கள் சொல்லும் மெல்லிய வண்ணக் காகிதம் ஒட்டிப் பெரிதாகச் செய்தால் குர்யோன். ஸ்பானிய மொழியில் சிட்டுக்குருவிக்கான சொல்லிலிருந்து வந்த பெயர். ஆள் உயரக் காற்றாடிக்குக் குருவி என்று பெயர் வைத்தவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

பெயர்களைக் கவனித்தீர்களா? ஸ்பானியம், ஜப்பான், எல்லாம் கலந்து கிடக்கிறது. சோடா மூடிக்கு அங்கே 'தன்சான்' என்று பெயர், அதுவும் ஜப்பானிய வார்த்தைதான், கரியமில வாயு கலந்த சோடா என்று பொருள். அந்த மூடியைத் தட்டித் தகடாக்கி, இரண்டு துளை போட்டு நூல் கோத்து முறுக்கி இழுத்தால் ங்ஙொய் என்று சுற்றும். கிறிஸ்துமஸ் காலத்தில் அதே தகடுகளைக் கம்பியில் கோத்து, ஜல்ஜல் என்று ஆட்டிக்கொண்டே வீடு வீடாகப் பாட்டுப் பாடப் போவார்கள். 'இதில் எது உண்மையிலேயே பிலிப்பினோ?' என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. கொய்யா மரத்தில் செதுக்கியது எந்தக் குழந்தையோ, சாமான் அந்த ஊருடையது.

யோயோ கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் தவறாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. பிலிப்பைன்ஸ் காட்டுவாசிகள் மரத்தின் மேலிருந்து விலங்கை அடிக்க யோயோவை ஆயுதமாக வைத்திருந்தார்கள் என்று படித்திருப்பீர்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. நூலில் ஏறி இறங்கும் வட்டு பழைய கிரேக்கப் பானை ஓவியத்திலேயே இருக்கிறது. பிலிப்பினோக்கள் பெருமைப்பட வேண்டிய உண்மை வேறு. இலோக்கோஸ் நோர்தே மாகாணத்தின் வின்டார் ஊரில் பிறந்து அமெரிக்கா போன பெத்ரோ ஃபுளோரெஸ் என்பவர் 1928இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் யோயோ செய்யும் கம்பெனி தொடங்கினார். அவர் செய்து விற்ற யோயோவில் நூலை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டவில்லை, சுருக்காக வளைத்து மாட்டியிருந்தது. முடிச்சுப் போட்டால் வட்டு போய்த் திரும்பி வரும், அவ்வளவுதான். சுருக்காக மாட்டினால் நூலின் அடியில் நின்றபடியே சுற்றும், சுண்டி இழுத்தால்தான் மேலே வரும். இன்றைக்கு யோயோவில் காட்டும் வித்தை எல்லாம் அந்த ஒரு சுருக்கில்தான் நிற்கிறது. தொழிலை அப்புறம் டொனால்ட் டங்கன் என்ற அமெரிக்கர் வாங்கிக்கொண்டார், உலகத்துக்கு அவர் பெயர்தான் தெரியும். 1965இல் 'யோயோ' என்பது பொதுப்பெயர், யாருக்கும் தனியுரிமை இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடையில் வாங்கும் பொம்மை என்று எடுத்தால் பயெத்தே ஊரின் சிவப்புக் குதிரையைத்தான் சொல்வேன். லகூனா ஏரிக்கரையில், லோஸ் பான்யோஸிலிருந்து போய் வரும் தூரத்தில் இருக்கிறது. பயெத்தே என்ற பெயரே 'உளி' என்ற சொல்லிலிருந்து வந்தது. தேவாலயச் சிற்பங்கள் செதுக்கும் ஊர். அங்கே 'தக்கா' என்ற காகிதக் கூழ் பொம்மை செய்கிறார்கள். முதலில் மரத்தில் குதிரை அச்சு. அதன் மேல் பசை தடவிய காகிதத் துண்டுகளைப் படலம் படலமாக ஒட்டி, வெயிலில் காயவைத்து, கத்தியால் கீறி அச்சை வெளியே எடுத்துவிட்டு, கீறலை மறுபடி காகிதம் வைத்து மூடுவார்கள். பிறகு அடர் சிவப்பு வண்ணம், அதன் மேல் பூவேலை. பார்க்கக் கனமாகத் தெரியும் குதிரை, தூக்கினால் முறம் அளவுக்குக்கூட எடை இராது. நாங்கள் ஒன்று வாங்கி வந்தோம். மழைக் காலத்தில் ஈரம் ஏறி வயிறு உப்பிவிட்டது. வெயில் வந்ததும் காயவைத்தோம், ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே நின்றது. இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.

சுங்க்காவைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது நமக்குச் சொந்தக்காரர். படகு மாதிரி மரப் பலகை, இரண்டு வரிசையில் பக்கத்துக்கு ஏழு குழி, இரு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று. சின்னக் குழிக்கு ஏழு சோழி, மொத்தம் 98. பார்த்த உடனே தெரிந்திருக்கும், பல்லாங்குழி! மலேசியாவில் சொங்காக், ஜாவாவில் டாக்கோன் என்று கடலோரம் முழுக்க இந்தக் குடும்பம் பரவியிருக்கிறது. குழிகளை அவர்கள் வீடு என்பார்கள். தோற்றவரால் அடுத்த சுற்றில் நிரப்ப முடியாத குழி 'எரிந்த வீடு'. வீட்டுக்குள் உட்கார்ந்து சுங்க்கா ஆடினால் வீடு தீப்பிடிக்கும் என்று பெரியவர்கள் விரட்டுவதும் உண்டு, வாசலில்தான் ஆட வேண்டும்.

என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தபோது, எதிர் வீட்டுப் பாட்டி வாசலில் பலகையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நேரே போய் எதிரில் உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அம்மா தன் பக்கத்துச் சோழிகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, "நீங்க ஆடுங்க" என்று கையைக் காட்டினார். பாட்டியும் கையைக் காட்டினார். சுங்க்காவில் முதல் ஆட்டத்தை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாது. பாட்டி 'ம்' என்று ஆரம்பித்து மூன்று வீடு தாண்டிப் போய்விட்டார், அம்மா "அட, நில்லுங்கம்மா" என்கிறார். அப்புறம் ஒரு குழியில் நாலு சோழி சேர்ந்ததும் அம்மா "பசு!" என்று சொல்லி வாரி எடுத்துக்கொண்டார். பாட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு சோழியாகத் திருப்பி வாங்கிக் குழியில் போட்டார். ஒரு வாரத்தில் இரண்டு முறையையும் கலந்து அவர்களே ஒரு ஆட்டம் உண்டாக்கிவிட்டார்கள். அதன் விதி வேறு யாருக்கும் புரிந்ததில்லை. அம்மா ஊருக்குக் கிளம்பிய அன்று பாட்டி ஒரு கைப்பிடி சோழியைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார்.

சரி, ஏன் இவ்வளவு ஏக்கம் என்று கேட்டீர்கள். எல்லா ஊரிலும் இருக்கும் காரணங்கள் அங்கேயும் இருக்கின்றன: தெருவுக்கு வண்டிகள் வந்துவிட்டன, கொய்யா மரம் நின்ற கொல்லைகளில் வீடு வந்துவிட்டது, முதலில் வீடியோ கேம், பிறகு ஒரு பேசோ நாணயம் போட்டால் சில நிமிடம் இணையம் தரும் 'பீசோநெட்' பெட்டிகள், இப்போது கைபேசி. ஆனால் அவர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை 1974ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்திலேயே அரசு முறையாகக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அப்பாவோ அம்மாவோ கடல் கடந்திருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். 'பாலிக்பாயன்' பெட்டி என்று பெரிய அட்டைப் பெட்டி வீட்டுக்கு வரும். அதில் சோப்பு, சாக்லேட், டப்பா உணவு, கூடவே பேட்டரியில் ஓடும் பொம்மை. சொன்னேனே, மீன் டப்பா லாரிப் பையன், அவன் அம்மாவும் அப்படி வெளியே இருந்தவர்தான். பெட்டியில் வந்த ரிமோட் காரை அவன் உயிராக வைத்திருந்தான். தூங்கும்போதும் பக்கத்தில் இருக்கும். தகர லாரியை மட்டமாகவும் நினைக்கவில்லை. லாரி தெருவுக்கு, கார் கட்டிலுக்கு.

இன்று உங்கள் அறையில் இருப்பவர்கள் அந்தப் பெட்டியை அனுப்புகிற இடத்தில் இருக்கிறார்கள். தன் பிள்ளைக்குக் கடையில் பொம்மை வாங்கி அனுப்ப முடிகிறது. ஆணியை நேராக அடிப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட முடியவில்லை. உங்கள் நண்பரின் கண் கலங்கியதற்கு என்ன காரணமென்று எனக்கு எப்படித் தெரியும்! ஆனால் லோஸ் பான்யோஸில் லீவுக்கு வந்த அப்பாக்கள் பலர் முதல் நாளே கத்தியை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் அழகு என்று நான் சொல்ல வரவில்லை. தீப்பெட்டிக்குள் அறை தடுத்துச் சிலந்தி வளர்த்துக் குச்சியின் மேல் சண்டை விடுவார்கள், வண்டின் காலில் நூல் கட்டிப் பறக்க விடுவார்கள், கவண் வைத்துக் குருவி அடிப்பார்கள். என் மகனை அதற்கெல்லாம் விட்டதில்லை, வருத்தமும் இல்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது ஒரு பல்லாங்குழிப் பலகை எடுத்து வாருங்கள், மடக்கும் பலகை பெட்டியில் அடங்கிவிடும். பெரும்பாலான பலகையில் முனைக் குழி இருக்காது, அதற்கு இரண்டு கிண்ணம் வைத்தால் போதும். சோழி 98 வேண்டும், குறைந்தால் புளியங்கொட்டை. ஆரம்பிக்கும் முன்னால் ஒன்றை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்ட விதி உங்களுடையதா, அவர்களுடையதா. அவர்களுடையது என்றால் உங்கள் முறைக்காகக் காத்திருக்காதீர்கள், 'ம்' என்றதும் நீங்களும் கையை வையுங்கள்.